ஹில்டிங் சொன்ன ஆமாம்

குனில்லாவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. அவசர அழைப்பு மையத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசினால் இவள் மட்டும் மேசையை உயர்த்திவைத்து, காலை மாற்றி மாற்றி வைத்தபடி நின்றே பேசுவாள். வருடக்கணக்கில் அந்த வேலை பார்த்து வீட்டிலும் ஓயாத கேள்விதான். “உருளைக்கிழங்கு வேகலைன்னாக்கூட எங்க, எப்ப, யாருக்குன்னு விசாரிப்பா” என்று கணவன் ஸ்டூரே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

எங்கள் வடக்கு சுவீடனில் கேள்விக்கு முழு வாயால் பதில் கிடைப்பது அபூர்வம். பேச்சில் அப்படியொரு கஞ்சத்தனம். ‘ஆமாம்’ என்பதற்குக்கூட வாயைத் திறக்க மாட்டோம். உதட்டைக் குவித்து ‘ஷுப்’ என்று காற்றை உள்ளே இழுத்தால் ஆமாம் என்று அர்த்தம். தெற்கத்திக்காரர்கள் அதைக் கேட்டு, யாருக்கோ மூச்சுத் திணறுகிறது என்று பதறுவார்கள். அந்தப் பதற்றத்தைக் கேலி செய்தே வளர்ந்தவள் குனில்லா.

ஆகஸ்ட் மாதம், நல்ல மதியம். அழைத்தவர் ஹில்டிங் என்ற கிழவர். காட்டோரம் தனி வீடு என்று திரையில் வரைபடம் காட்டியது.

“குளவி கொட்டிருச்சு. பெருசா ஒண்ணுமில்ல. உங்களுக்கு வேற வேலை இருக்கும்...”

“அது என் கவலை. எங்க கொட்டுச்சு, கழுத்துலயா?”

‘ஷுப்.’

“வீங்கியிருக்கா?”

‘ஷுப்.’

“மூச்சு நல்லா விட முடியுதா?”

‘ஷுப்.’

‘அவசரமில்லை’ என்று குறித்துவிட்டாள். மருத்துவ ஆலோசனை எண்ணைக் கொடுத்து முடிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் மனசு ஒப்பவில்லை. ஒண்ணுமில்லை என்ற மனிதர் இந்நேரம் நன்றி சொல்லிப் போனை வைத்திருக்க வேண்டாமா? ‘இல்லை’ என்று மட்டுமே பதில் வரக்கூடிய கேள்வி ஒன்றைத் தேடினாள்.

“ஹில்டிங், நீங்க ஸ்டாக்ஹோம்காரரா?”

தெற்கே இருக்கும் தலைநகரம் என்றாலே எங்களுக்கு ஆகாது. எங்கள் பக்கத்து ஆள் எவனும் சாகும்போதுகூட அதற்கு ஆமாம் சொல்ல மாட்டான்.

‘ஷுப்.’

அது ஆமாம் அல்ல என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மனிதர் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். இவள் அதைப் பதில் என்று நினைத்து அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உல்ரிகா!” என்று பக்கத்து மேசையைப் பார்த்துக் கத்தினாள். “குளவி கொட்டித் தொண்டை அடைச்சிருச்சு! கிட்ட எந்த ஆம்புலன்ஸ் இருக்கோ அதை விரட்டு!”

பிறகு போனில், “ஹில்டிங், படுக்காதீங்க, நிமிர்ந்து உட்காருங்க. பேச வேணாம். நான் பேசுறது கேட்டா போனை விரலால தட்டுங்க” என்றாள்.

தட்டினார். இவள் பேசப் பேசத் தட்டினார். போகப்போகச் சத்தம் தேய்ந்தது. பிறகு நின்றே போனது.

“தட்டுங்க! யோவ் கிழவா, தட்டுய்யா!”

மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. என் காதை நம்பி ஒரு உயிரை விட்டுவிட்டேனே பாவி என்று உள்ளுக்குள் அரற்றினாள். போனில் கதவு இடிபடும் சத்தம், ஆட்கள் ஓடும் சத்தம். கடைசியில் ஆம்புலன்ஸ் செவிலி ஒருத்தி போனை எடுத்தாள்.

“ஊசி போட்டாச்சு. கண்ணைத் திறந்துட்டாரு.”

“மூச்சு?”

“மூச்சா? திட்டிக்கிட்டு இருக்காரு.”

“யாரை?”

“உங்களைத்தான். எவ அவ என்னை ஸ்டாக்ஹோம்காரன்னு சொன்னதுன்னு கேக்குறாரு.”

குனில்லாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“போனை அவர் வாய்கிட்ட வைம்மா” என்றாள். “இன்னும் கொஞ்சம் திட்டட்டும்.”