அந்தமான் போவதற்கு முன் ஒரு கிணறு

போன தை மாதம், பொங்கல் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. வன்னியம்பட்டிப் பக்கம் என் சித்தி மகளின் தோட்டத்துக் கிணற்றில் நடந்தது இது. படித்து முடிக்கும் முன் சிரித்துவிடாதீர்கள்.

எங்களுக்கு ராஜபாளையம். வீட்டுக்காரர் பேண்டேஜ் துணி நெய்கிற சின்ன யூனிட் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறார். நான் வீட்டிலேயே நைட்டி தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஒரே மகள், கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். சுவரில் பல்லி ஊர்ந்தால் நாம் துடைப்பத்தைத் தேடுவோம், அவள் போனை எடுத்துப் போட்டோ பிடிப்பாள். அப்படிப்பட்ட பெண். அவள்தான் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ஆரம்பித்தாள், மே மாத லீவில் அந்தமான் போகலாம் என்று.

அப்புறம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. மழைக்காடாம், வானம் தெரியாத அளவுக்கு மரங்களாம். உப்புத் தண்ணீரில் நிற்கிற அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப் போவார்களாம். சாயங்காலமானால் கிளிகள் கூட்டம் கூட்டமாக வந்து அடைகிற ஒரு குட்டித் தீவு இருக்கிறதாம். கண்ணாடி மாட்டிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் பவளப்பாறையும் மீனும் தெரியுமாம். வீட்டுக்காரரும் அவளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு போனில் மேப் பார்ப்பார்கள். நானோ படகு என்ற சொல்லைக் கேட்டதுமே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

காரணம் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை ஒரு லீவு நாளில் கண்மாயில் மூழ்கிப் போய்விட்டாள். அன்றிலிருந்து முட்டிக்கு மேல் தண்ணீர் என்றால் எனக்கு ஆகாது. கல்யாணமான புதிதில் கன்னியாகுமரியில் பாறைக்குப் போகிற படகில் ஏற மாட்டேன் என்று வரிசையிலேயே நின்றுவிட்டேன். வீட்டுக்காரர்தான் என் காதருகில் குனிந்து, "ஏட்டி, நான் கிணத்துலயே குதிச்சு வளந்தவன். எனக்கு நீச்சல் தெரியும். நீ விழுந்தா மறு நிமிசம் நான் உள்ள இருப்பேன், ஏறு" என்றார். ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு குற்றாலம், திருச்செந்தூர் என்று எங்கே போனாலும் இந்த மனிதர் பக்கத்தில் இருக்கிற தைரியத்தில்தான் தண்ணீரில் கால் வைப்பேன்.

ஆனால் அந்தமான் என்பது கடல் நடுவே. அதனால் நான் ஒரு கண்டிஷன் போட்டேன். மூன்று பேருக்கும் நீச்சல் தெரிந்தால்தான் டிக்கெட். வீட்டுக்காரர் உடனே, "மூணு பேரா? எனக்குத்தான் தெரியுமே. நீங்க ரெண்டு பேரும் பழகுங்க" என்று சொல்லிவிட்டார்.

சித்தி மகளுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. கார்த்திகை மழையில் கிணறு நிறைந்து கிடந்தது, மேலிருந்து நாலைந்து படி இறங்கினால் தண்ணீர். அவள் மீன் மாதிரி நீந்துவாள். நைட்டியோடு இறங்கினால் காற்று புகுந்து பலூனாக உப்பிக்கொள்கிறது என்று, மிச்சத் துணியில் எனக்கு நானே கால்சட்டையும் நீளச் சட்டையுமாக ஒன்று தைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனோம். முதுகில் காலி எண்ணெய்க் கேனைக் கட்டி, அதில் கயிறு போட்டு, மேலிருந்து அவள் பிடித்துக்கொள்வாள். மகள் இரண்டாம் வாரமே கேனைக் கழற்றிவிட்டாள். நான் அழுது, ஆர்ப்பாட்டம் பண்ணி, கிணற்றுத் தண்ணீரில் பாதியைக் குடித்து, ஒரு வழியாகப் படியிலிருந்து படிக்கு நீந்துகிற அளவுக்கு வந்தேன். இந்த வயதில் இது வந்ததே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்காரர் மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை. ஒரு வாரம் லோடு ஏற்றணும், ஒரு வாரம் தறி மெக்கானிக் வருகிறார், ஒரு வாரம் சளி. பொண்டாட்டி இந்த வயதில் நீச்சல் பழகுகிறாள், வந்து பார்க்க மனசில்லையா என்று எனக்கு ஒரே எரிச்சல். பொங்கல் கழிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் அன்று சாயங்காலமே டிக்கெட் போட்டுவிடலாம் என்று நின்றாள். நான் விடவில்லை. "இன்னைக்கு நீங்க வந்து பாக்கலேன்னா அந்தமானும் கிடையாது, மத்தியானச் சோறும் கிடையாது" என்றேன். வண்டியை எடுத்தார்.

வந்தவர் கிணற்றுப் பக்கம் வராமல் மோட்டார் ரூம் நிழலிலேயே நின்றார். சித்தி மகள்தான், "என்ன மச்சான், பழைய ஆளு ஒரு குதி குதிச்சுக் காட்டக் கூடாதா?" என்று வம்புக்கு இழுத்தாள். "துண்டு கொண்டாரலியே" என்று சிரித்தார். பிறகு மெதுவாக வந்து மேல் படியில் உட்கார்ந்தார். சித்தி மகள் டீ எடுத்துவர வீட்டுப் பக்கம் போனாள். மகள் மேலே நின்று என்னை வீடியோ எடுத்தாள்.

பவளப்பாறை பார்ப்பதற்காக நான் மூச்சடக்கிப் பழகிக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குள் இருக்கிற படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு முங்கி, முடிந்தவரை உள்ளேயே இருக்க வேண்டும். கேனைக் கழற்றிப் படியில் வைத்தேன். அவர் பார்க்கிறார் என்ற மிதப்பில் நன்றாக இழுத்து மூச்சுப் பிடித்து முங்கினேன். வழக்கமாக வெளியே வந்துவிடுகிற நேரம் தாண்டியும் வரவில்லை. கொஞ்சம் பிரமிக்கட்டும் என்று கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே காது அடைத்து, என் நெஞ்சு அடிப்பது மட்டும் கேட்டது.

திடீரென்று மேலே எதுவோ பெரிதாக விழுந்தது. தண்ணீர் என்னைச் சுவரோடு தள்ளியது. தென்னங்குலைதான் சரிந்துவிட்டது என்று பதறி மேலே வந்தேன். எதிரே ஒரு செருப்பு மிதந்தது. மேலே மகள், "அம்மா, அப்பா குதிச்சிட்டாரும்மா!" என்று கத்தினாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்புதான் வந்தது. கிணற்றின் நடுவில் அவர் தலை தெரிந்தது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் பார்க்கவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும் தண்ணீரை அடித்தார். "போதும், நடிக்காதீக" என்றேன். தலை உள்ளே போயிற்று. திரும்ப வந்தது. மறுபடி போனபோது கை மட்டும் வெளியே நின்றது. அந்தக் கையில் நடிப்பு இல்லை.

மூழ்குகிறவர் கிட்டே நேராகப் போகக் கூடாது, நம்மையும் சேர்த்து அமுக்கிவிடுவார்கள் என்று சித்தி மகள் முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எல்லாம் மறந்துவிட்டது. படியை விட்டுவிட்டு நீந்திப் போனேன். தொட்டதுதான் தாமதம், அவர் கை என் கழுத்தைச் சுற்றியது. என் மேல் ஏறினார். கோபத்தில்கூட என் மேல் கை வைக்காத மனிதர், என் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினார். மூக்கில் தண்ணீர் ஏறி மண்டைக்குள் எரிந்தது. இரண்டு பேரும் கீழே போய்க்கொண்டிருந்தோம். மேலே நிற்கிற பிள்ளைக்கு ஒரே நாளில் அப்பனும் ஆத்தாளும் இல்லாமல் போகப் போகிறது என்று நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை. எங்கிருந்து வந்ததோ பலம், முழங்காலை மடக்கி அவர் வயிற்றில் ஓர் உதை விட்டேன். பிடி விட்டது.

மேலே வந்து இருமினேன். மகள் படியிறங்கி வந்து கேனைத் தூக்கி எறிந்திருந்தாள், கயிற்றின் ஒரு நுனி அவள் கையில். கேன் எனக்கும் அவருக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. சித்தி மகள் டீத்தூக்கைப் போட்டுவிட்டு ஓடி வருகிற சத்தம் கேட்டது. "அக்கா, கிட்டப் போகாத! கேனைத் தள்ளு, கேனைத் தள்ளு!" என்று அலறினாள். நெற்றியாலும் கையாலும் கேனை முட்டி முட்டித் தள்ளினேன். அவர் கை தண்ணீரை அடித்தது, கேனைத் தாண்டி விழுந்தது. இன்னொரு தடவை தள்ளினேன். விரல் கைப்பிடியில் மாட்டியது. அடுத்த நொடி இரண்டு கையாலும் கேனைக் கட்டிக்கொண்டார். மகளும் சித்தி மகளும் கயிற்றை இழுத்தார்கள்.

படியில் தூக்கிப் போட்ட பிறகும் கேனை விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். தண்ணீராக வாந்தி எடுத்தார். உதடு நீலம் பூத்திருந்தது. சித்தி மகள், "நுரையீரல்ல தண்ணி போயிருந்தா பொறவு கஷ்டமாயிரும்" என்று ஆட்டோவைக் கூப்பிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழி முழுக்க அவர் நெஞ்சு கரகரவென்று இழுத்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் சொட்டச் சொட்ட என் கிணற்று உடுப்போடு நின்றேன். எல்லாரும் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். ஆக்ஸிஜன் வைத்து, எக்ஸ்ரே எடுத்து, சாயங்காலம் வரை பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அந்தப் பகல் நகரவே இல்லை.

வெயில் இறங்கிய பிறகு, இனிப் பயமில்லை, காலையில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மகளும் சித்தி மகளும் காபி வாங்கப் போனார்கள். எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு நீச்சல் தெரியாதா?"

மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டே, "தெரியாது" என்றார்.

"பொறவு அன்னைக்குக் கன்னியாகுமரியில சொன்னது?"

"நீ வெடவெடன்னு நடுங்குன. வரிசையில நிக்கிற சனம் பூரா உன்னையே பாத்துச்சு. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். நீயும் நம்பிட்ட. பொறவு எந்த வாயால இல்லன்னு சொல்ல?"

"அன்னைக்கு உங்களுக்குப் பயமா இல்லையா?"

"உன்னைவிட எனக்குத்தான் பயம்" என்றார். "கம்பியைப் பிடிச்ச கை வலி ரெண்டு நாள் போகல."

சாமி சத்தியமாக எனக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. கத்தினேன். "அறிவிருக்கா உங்களுக்கு? நீச்சல் தெரியாத ஆளு இன்னைக்கு எதுக்குக் குதிச்சீக? நான் உள்ள சும்மா முங்கிப் பழகிக்கிட்டு இருந்தேன்!"

"எனக்கு அது தெரியுமா? நீ மேல வரலியே" என்றார்.

அவ்வளவுதான். நான் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தேன், பிறகு அந்தத் தோளிலேயே முகத்தை வைத்து ஓவென்று அழுதேன். நர்ஸ் வந்து, மற்ற நோயாளிகள் தூங்க வேண்டாமா என்று எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார்.

காபியோடு வந்த மகள், "அப்ப அந்தமான் அம்புட்டுத்தானா?" என்று மூஞ்சியைத் தொங்கப் போட்டாள். அவர்தான் சொன்னார், "ஏன், எனக்கு மட்டும் கிளி பாக்க ஆசை இல்லையா? அந்தக் கேனை என் முதுகுல கட்டச் சொல்லு உன் சித்தியை." டிக்கெட் இன்னும் போடவில்லை. மே மாதம் இல்லாவிட்டால் மழைக்காலம் முடிந்த பிறகு போவோம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேருமே கிணற்றுக்குப் போகிறோம். கற்றுக்கொள்வதில் அவர் என்னைவிட மோசம். தண்ணீரில் இறங்கியதும் தனக்குப் பயமாக இருக்கிறது என்று வெட்கமில்லாமல் சத்தம் போட்டுச் சொல்கிறார், அது கேட்க எனக்கு நன்றாக இருக்கிறது.

ஆனாலும் சில நாள் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது அவர் தண்ணீரில் விழுந்த அந்தச் சத்தம் காதில் விழும், கால் தானாக நின்றுவிடும். முங்கினால் தனக்கு மேலே வரத் தெரியாது என்று நன்றாகத் தெரிந்த ஒரு மனிதர், என்னைத் தூக்கிவிடலாம் என்று அன்று குதித்தாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் மறுபடி மெஷினை மிதிக்கிறேன்.