தோள்பட்டைக்குள் ஒரு வில்லை

பை தைக்கும் கடையில் அவளுக்கு ‘ரெட்டைத் தையல்’ என்று பெயர். எந்தப் பையிலும் ஒரு தையலை நம்பி அவள் விட்டதில்லை. தைத்து முடித்ததைக் கொக்கியில் மாட்டி, வாரைப் பிடித்துத் தானே ஒரு தரம் தொங்கிப் பார்ப்பாள். அறுவதானால் இங்கேயே அறுந்து தொலையட்டும் என்பது கொள்கை. அவள் தைத்த பைகள் கடல் தாண்டிப் போயிருக்கின்றன. அவள் மட்டும் வீட்டுக்கும் கடைக்கும் நடுவே ஓடும் பஸ்ஸைத் தாண்டியதில்லை. தாண்ட ஆசைப்பட்டதும் இல்லை.

அப்படிப்பட்டவளின் ஒரே மகள் பள்ளிக்கூடம் முடிந்த கையோடு அறிவித்தாள்: “காலேஜ் எங்கயும் ஓடிப் போயிடாதும்மா. ஒரு வருஷம் உலகத்தைச் சுத்திட்டு வந்து சேர்ந்துக்கறேன்.”

விடுமுறை தோறும் செல்போன் கடையில் நின்று சம்பாதித்ததை அதற்கென்றே சேர்த்து வைத்திருந்தாள். தடுப்பதற்கு அம்மாவிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை. தடுக்க முடியாதவள் பை தைத்துக் கொடுத்தாள்.

சும்மா தைக்கவில்லை. இருக்கும் இடத்தைச் செல்போனில் காட்டிக்கொடுக்கும் டிராக்கர் வில்லை ஒன்றை பையின் இடது தோள்பட்டை வாரின் பஞ்சுக்குள் வைத்து மூடினாள். அதற்கும் ரெட்டைத் தையல்.

“அவ என்ன பார்சலா?” என்றார் பள்ளி வேன் ஓட்டும் கணவர்.

“உங்க வேன்ல கருவி வெச்சு உங்க முதலாளி பார்க்கலையா?”

“பார்க்கறான். அதனாலதான் சொல்றேன், அது நல்லா இல்லை.”

கிளம்புகிற அன்று, “போற இடத்துல நாலு பேருக்கு உதவியா இருடி” என்று மகளுக்குப் புத்தி சொல்லி அனுப்பினாள். அதன் பிறகு நூல்கண்டில் சாய்த்து வைத்த செல்போனில் ஒரு பச்சைப் புள்ளி ஊர் ஊராகப் போயிற்று. புள்ளி தூங்கினால் அவளும் தூங்கினாள்.

ஒருநாள் புள்ளி பனிமலை ஒன்றில் இருந்தபோது மகள் போன் செய்தாள்.

“ஸ்வெட்டர் போட்டியாடி?”

“ஸ்வெட்டரா? கடற்கரைல வேர்த்து ஊத்துதும்மா!”

போனை வைத்ததும் அம்மா மறுபடி புள்ளியைப் பார்த்தாள், மலையேதான். பெற்ற தாயிடமே பொய்யா? மலையில் யாரோடு இருக்கிறாள்?

“நேரா கேட்டுடேன்” என்றார் கணவர்.

“உனக்கெப்படித் தெரியும்னு கேப்பாளே!”

திருட்டுத்தனமாக வேவு பார்ப்பவள், பொய் சொல்லும் மகளை நினைத்துப் புழுங்கினாள். தையல் கோணிற்று. அடுத்த அழைப்பில் சுற்றி வளைத்தாள்.

“பை எப்படி இருக்கு? எங்கயாவது பிரிஞ்சிருக்கா?”

மகள் குரலைத் தாழ்த்தினாள்.

“திட்டாதம்மா. ரெண்டாவது மாசமே ஒரு பொண்ணுக்குக் குடுத்துட்டேன். தங்கின இடத்துல அவ பை வார் அறுந்து அழுதுட்டிருந்தா. எனக்கு ஒரு சின்னப் பை போதும்னு தோணிச்சு. நீதானே உதவியா இருன்னு சொன்ன?”

“யாரு அந்தப் பொண்ணு?”

“பேரு வாயில நுழையலம்மா. உன் தையலைத் தடவித் தடவிப் பார்த்தா.”

பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்கு விளங்கவில்லை. மகள் பொய் சொல்லவில்லை. அந்த நிம்மதி ஒரு வாய்த் தேநீர் இறங்கும்வரை இருந்தது. பிறகுதான் உறைத்தது. இத்தனை மாதம் அவள் நிம்மதியாகத் தூங்கியதெல்லாம் முன்பின் தெரியாத ஒருத்தி பத்திரமாகப் படுத்துக்கொண்டதற்காக.

“இனிமே எதுக்கு அந்தப் புள்ளி? அழிச்சுடு” என்றார் கணவர்.

அழிக்கத்தான் செல்போனை எடுத்தாள். புள்ளி அதே மலையில், நேற்று நின்ற இடத்திலேயே நின்றது. மறுநாளும் அங்கேயே.

“ஏங்க, இது நகரவே இல்லையே.”

“நம்ம பொண்ணு கடற்கரைல இருக்கா.”

“இவளும் ஒரு வீட்டுப் பொண்ணுதானே? கால் கை உடைஞ்சிருந்தா யாருக்குத் தெரியும்?”

“உனக்குத் தெரிஞ்சு மட்டும் என்ன பண்ணப்போறே?”

யாரைக் கூப்பிடுவது, எந்த மொழியில், என்ன பேர் சொல்லி? மிஷினை மிதித்தாள், நிறுத்தினாள், பார்த்தாள்.

எட்டாம் நாள் பிற்பகல் புள்ளி மெல்ல நகர்ந்து ஒரு சாலைக்கு வந்தது. “அப்பாடா” என்று அவள் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது.

“என்னக்கா, பொண்ணு வந்துட்டாளா?” என்றான் கட்டிங் மாஸ்டர்.

“இல்லப்பா” என்றாள். அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது, மகளிடமிருந்து ஒரு வாரமாகப் போன் இல்லை.