அலமாரியும் ஒரு வார விடுப்பும்

எங்கள் வார்டில் ஒரு பழைய மர அலமாரி இருந்தது. பஞ்சு, கட்டுத்துணி, கையுறை, பிளாஸ்திரி எல்லாம் அதற்குள்தான். அதைத் திறக்கத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கி, கீழே முழங்காலால் ஓர் இடி இடித்து, அதே மூச்சில் இழுக்க வேண்டும். எங்களுக்கும் செய்து காட்டியிருக்கிறார். நாங்கள் செய்தால் முழங்கால்தான் வீங்கும், கதவு அசையாது.

அவர்தான் எங்கள் இன்சார்ஜ் அக்கா. ஆண்கள் பொது வார்டு முழுவதும் அவர் பொறுப்பு. யாருடைய பிள்ளைக்கு எப்போது பரீட்சை, யாருக்கு இரவு டியூட்டி ஒத்துக்கொள்ளாது, எந்தக் கட்டிலின் சக்கரம் தானாக உருளும், எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். எங்களில் வானொலி என்று ஒரு நர்ஸ் உண்டு, வாய் ஓயாது. சைலன்சர் என்று இன்னொருவர். வாயே திறக்க மாட்டார். ஒரு டிபன் பாக்ஸ் மூடி காணாமல் போனதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மூடி தொலைந்து பல வருடங்கள் ஆகியும் அக்கா ஒருநாள்கூட அவர்களை ஒரே ஷிப்டில் போட்டதில்லை.

அக்காவுக்கு வெளிநாட்டில் போய்ப் படிக்க வேண்டும் என்ற ஆசை எப்படி வந்தது என்று கேட்டால், எங்கள் வார்டின் இரண்டு நோயாளிகளால் என்பேன். இருவருக்கும் ஒரே பெயர், பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒருவருக்குப் போக வேண்டிய ஊசி இன்னொருவருக்குப் போகவிருந்து, கடைசி நொடியில் தப்பியது. மறுநாளே அக்கா எல்லோர் மணிக்கட்டிலும் நிறம் நிறமாக டேப் ஒட்டிவிட்டார். மருத்துவமனையைப் பார்வையிட வந்த ஓர் அம்மையார் அதைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், நோயாளி பாதுகாப்புன்னு இதுக்குத் தனியா ஒரு படிப்பே இருக்கு, தெரியுமா? உங்களை மாதிரி வேலையில ரொம்ப வருஷம் இருக்கறவங்களுக்கு உதவித்தொகை குடுத்தே கூப்பிடறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் மறந்திருப்பார். அக்கா மறக்கவில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். சான்றிதழ் சட்டத்துக்குள் மாட்டப்பட்டு வாசலைப் பார்த்தபடி தொங்குகிறது. யார் வந்தாலும் முதலில் அதற்குத்தான் வணக்கம் வைக்க வேண்டும். எங்களுக்குப் படிப்பு என்பது சின்ன வயதில் வந்து, வேலை கிடைத்ததும் இறங்கிவிடும் காய்ச்சல். நாற்பத்து மூன்று வயதில் ஒருவருக்கு அது மறுபடி வந்ததை அப்போதுதான் பார்த்தேன். வார்டிலும் அதே வியப்புதான். "எல்லாரும் சம்பாதிக்க வெளிநாடு போவாங்க. நம்ம அக்கா பரீட்சை எழுதப் போறாங்களாம்" என்று வானொலி மூன்று மாடிக்கும் ஒலிபரப்பினார்.

முதல் தடவை விண்ணப்பித்தபோது அக்காவே கட்டுரை எழுதினார். 'பத்து ஆண்டுகளுக்குப் பிறகு உங்களை எங்கே காண்கிறீர்கள்?' என்ற கேள்விக்கு, 'பணி ஓய்வுக்கு வெகு அருகில்' என்று பதில். பதினோராம் வகுப்பு படிக்கும் அவர் மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, இதைப் படிச்சா யாரும்மா உனக்குப் பணம் குடுப்பாங்க?"

"உண்மையைத்தானடி கேட்டாங்க?"

உண்மைக்குப் பரிசு கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை மகள் எழுதிக் கொடுத்தாள். அதில் உலக சுகாதாரமே அக்காவின் தோளில் நிற்பதாக இருந்தது. அதுவும் போனது. மூன்றாவது தடவை நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். மணிக்கட்டு டேப், உருளும் கட்டில், ஊசி தப்பிய அன்று இரவு அவர் தூங்காதது எல்லாம் அப்படியே வந்தது. படித்துப் பார்த்து, "இது நான்தான்" என்றார். "ஆனா இவ்வளவு நல்லவளா நானு?" என்று ஒரு சந்தேகமும் கேட்டுவைத்தார்.

எல்லாம் தயார். மிச்சமிருந்தது ஒரே ஒரு கடிதம். ஓராண்டு விடுப்பு தருகிறோம், திரும்பி வந்தால் வேலை உண்டு என்று மருத்துவமனை எழுதித் தர வேண்டும். அந்த உதவித்தொகைக்கு வயது வரம்பு நாற்பத்தைந்து. இந்த வருடம் விட்டால் அக்காவுக்கு அந்தக் கதவு மூடிவிடும்.

எங்கள் மருத்துவமனைத் தலைவரை நாங்கள் பெரிய டாக்டர் என்போம். நல்லவர், ஆனால் எதையும் உடனே ஒப்புக்கொண்டால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைப்பவர். அக்கா கடிதத்தை நீட்டியதும் கண்ணாடியைக் கழற்றினார். நானும் கூடப் போயிருந்தேன்.

"சிஸ்டர், உங்களை அனுப்பறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த வார்டை யார் பார்ப்பா? நீங்க காலையில பத்து நிமிஷம் லேட்டா வந்தாலே எனக்கு நாலு போன் வருது."

"தம்பி இருக்கான் சார். எல்லாரும் இருக்காங்க."

பெரிய டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் பட்டதாரி என்பது முகத்தில் தெரியும்படி நின்றேன். பலன் இல்லை.

"ஒண்ணு பண்ணுங்க. நாளையிலேர்ந்து ஒரு வாரம் லீவு எடுங்க. அந்த ஒரு வாரமும் வார்டுலேர்ந்து உங்களுக்கு ஒரு போன்கூட வரக் கூடாது. வார்டு தானா ஓடுச்சுன்னா, திங்கக்கிழமை கையெழுத்துப் போடறேன். ஒரு போன் போச்சுன்னாலும் இந்தப் பேச்சை விட்டுடணும். சரியா?"

விண்ணப்பத்துக்குக் கடைசி நாளும் அதே திங்கள்தான்.

வார்டில் அவசரக் கூட்டம் போட்டோம். யாரும் அக்காவுக்குப் போன் செய்யக் கூடாது. கூரை இடிந்து விழுந்தாலும் கூரையோடு பேசிக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. எல்லோரும் வானொலியைத் திரும்பிப் பார்த்தார்கள். "என்னை எதுக்கு எல்லாரும் பாக்கறீங்க? எனக்கு வாயை மூடத் தெரியாதா?" என்றார். சைலன்சர் லேசாக இருமினார்.

முதல் நாளே அலமாரி காலை வாரியது. அரை மணி நேரம் ஆளாளுக்கு மல்லுக்கட்டிக் கடைசியில் திறந்தோம். திறந்த கதவை மறுபடி மூட யாருக்கும் தைரியம் வரவில்லை. கட்டுத்துணியைச் சுருட்டிக் கைப்பிடியோடு ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டேன். வாரம் முழுவதும் அலமாரி வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

டியூட்டி அட்டவணை என் தலையில் விழுந்தது. இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட, எந்தப் பக்கம் இழுத்தாலும் வானொலியும் சைலன்சரும் ஒரே ஷிப்டில் வந்து விழுந்தார்கள். மென்று விழுங்கிச் சொன்னேன். "அக்காவுக்காகத்தான்" என்றார் வானொலி. சைலன்சர் தலையை ஆட்டினார். அன்று முழுவதும் இருவரும் என் வழியாகவே பேசிக்கொண்டார்கள். "தம்பி, பன்னிரண்டாம் கட்டிலுக்கு சலைன் மாத்தியாச்சான்னு அவங்களைக் கேளு" என்பார் ஒருவர், மற்றவர் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருப்பார். ஆனால் எந்த வேலையும் நிற்கவில்லை.

வார்டு இப்படி நொண்டியடித்தபடி ஓடிக்கொண்டிருக்க, அக்காவின் வீட்டில்தான் நிலைமை மோசம். அவர் கணவர் ஓட்டுநர் பள்ளி நடத்துகிறார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். நடந்ததைப் பிறகு எங்களுக்கு நடித்தே காட்டினார். அக்கா காலையில் குளித்து, தலை வாரி, போனை எதிரே வைத்து உட்கார்ந்துவிடுவாராம். சத்தம் குறைந்திருக்கிறதோ என்று மகளை விட்டு அடித்துப் பார்ப்பாராம்.

"போன் வரக் கூடாதுன்னுதானே லீவு போட்டிருக்க?" என்று கேட்டிருக்கிறார் மாஸ்டர்.

"ஆமா."

"வரலையே. அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஒண்ணுகூடவாங்க வராது? அந்த அலமாரியை எப்படித் திறந்திருப்பாங்க?"

"ஒரே நேரத்துல ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் மிதிக்காத. வண்டி கெட்டுடும்."

வியாழக்கிழமை அக்கா ஒரு சட்ட ஓட்டையைக் கண்டுபிடித்தார். வார்டிலிருந்து அவருக்குத்தான் போன் போகக் கூடாது; அவர் வார்டுக்குப் போன் செய்தால் என்ன? முதலில் எனக்கு அடித்தார். அதிர்ந்துகொண்டே இருந்த போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஊசி போட்டேன்; நோயாளி என் நெஞ்சு துடிப்பதாக நினைத்துப் பயந்தார். அடுத்து வானொலிக்கு. அவர் போனைக் கையில் ஏந்தி, குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்து, கண் கலங்கி, எடுக்காமல் வைத்தார். அவர் வாழ்க்கையில் எடுக்காமல் விட்ட முதல் போன் அது.

கடைசியாக வார்டு போன் மணியடித்தது. நாங்கள் யாரும் மேஜைப் பக்கம் இல்லை. காலில் கட்டோடு நடைபழகிக்கொண்டிருந்த ஒரு தையல்காரர் எடுத்துவிட்டார்.

"நான் இன்சார்ஜ் சிஸ்டர் பேசறேன். வார்டு எப்படி இருக்கு?"

"நல்லா ஓடுதும்மா. உங்க குரலைக் கேட்டப்பறம்தான் நீங்க இல்லைன்னே ஞாபகம் வந்துச்சு."

அன்று அக்கா சாப்பிடவில்லை என்று மாஸ்டர் சொன்னார்.

சனிக்கிழமை பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். அதுதான் கடைசி வேலை நாள். கட்டில் கட்டிலாகப் பார்த்தார், மணிக்கட்டு டேப்களைப் பார்த்தார், குறை எதுவும் அகப்படவில்லை. திரும்பும்போது அலமாரி கண்ணில் பட்டது.

"அலமாரியை இப்படியா திறந்து போடறது? தூசி போகாது?" என்று கட்டுத்துணி முடிச்சை அவிழ்த்து, கதவைப் படீரென்று சாத்தினார்.

நான் கையை நீட்டினேன். தாமதமாகிவிட்டது.

இரண்டு கட்டில் தள்ளி ஒரு புண்ணைப் பிரித்துப் பார்த்தவர், "கட்டுத்துணி கொண்டா" என்றார். நான் போய் இழுத்தேன். வானொலி இழுத்தார். பெரிய டாக்டரே வந்து, "தள்ளுங்க, இதுக்குப் போய்..." என்று இரண்டு கையாலும் இழுத்தார். மூக்குக் கண்ணாடி கீழே விழுந்ததுதான் மிச்சம். நோயாளி புண்ணோடு காத்திருக்கிறார். பெரிய டாக்டருக்கு முகம் சிவந்தது. நேரே மேஜைக்குப் போனார், வார்டு போனை எடுத்தார், மனப்பாடமாக இருந்த எண்ணை அழுத்தினார்.

"சிஸ்டர், இந்தக் கட்டுத்துணி அலமாரியை எப்படித்தான் திறக்கறது?"

வானொலி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சொன்ன பிறகுதான் அவருக்கும் உறைத்தது. ஆனால் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மறுமுனையில் நடந்ததை மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். போன் வந்ததும் அக்கா முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனதாம். பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டதாம். வலது முழங்கால்கூடத் தானாக மடங்கியதாம். பிறகு மகளை ஒரு தடவை பார்த்தார். மகள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"சார், நான் லீவுல இருக்கேன். தம்பியைக் கேளுங்க" என்றார் அக்கா. போனை வைத்துவிட்டார். வைத்த கையோடு, "ஐயோ, அந்தப் புண்ணுக்காரர் பாவம்" என்று அழுதாராம்.

இங்கே பெரிய டாக்டர் போனைப் பார்த்தபடி நின்றார். அப்போது சைலன்சர் அலமாரியருகே போனார். கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கினார். வானொலியைத் திரும்பிப் பார்த்து, அத்தனை வருடம் கழித்து முதல் வார்த்தை பேசினார்:

"இடி."

வானொலி முழங்காலால் இடித்தார். கதவு திறந்தது. எங்களில் யாராலும் ஒற்றை ஆளாகச் செய்ய முடியாததை இரண்டு பேராகச் செய்தால் சுலபமாக வருகிறது என்பது இவ்வளவு நாள் யாருக்கும் தோன்றவே இல்லை.

புண்ணுக்குக் கட்டுப் போட்டு முடித்ததும் பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார். "போன் போயிடுச்சே. பேச்சு பேச்சுதானே?"

நான் வாய் திறக்குமுன் வானொலி முந்திக்கொண்டார். ஒரு வாரமாக அடக்கி வைத்த பேச்சு அவ்வளவும் அங்கே இருந்தது. "சார், வார்டு தானா ஓடணும்னீங்க, ஓடுச்சு. திறந்து இருந்த கதவைச் சாத்தினது யாரு? போன் பண்ணது யாரு? எங்கள்ல யாராவது பண்ணோமா? அவங்க இல்லாம ஒரு வாரம் இருக்க முடியாதவர் இந்த ஆஸ்பத்திரியில ஒருத்தர்தான் சார். அது நாங்க இல்ல."

தையல்காரர் கட்டிலில் இருந்தபடியே கை தட்டினார். அப்புறம் பலரும் தட்டினார்கள். பெரிய டாக்டர் சிரிக்காமல் இருக்க எவ்வளவோ முயன்றார், தோற்றார். "திங்கக்கிழமை காலையில முதல் வேலையா வரச் சொல்லுங்க" என்றவர், வாசல்வரை போய்த் திரும்பி, "நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க, இப்ப பண்ணலாம்" என்றார்.

நேர்காணலில் அக்காவிடம், பொறுப்பில் இருந்தபோது எடுத்த கடினமான முடிவு எது என்று கேட்டார்கள். "ஒரு கேள்விக்குப் பதில் தெரிஞ்சும் போனை வச்சது" என்று தொடங்கி, அலமாரிக் கதை முழுவதையும் சொல்லியிருக்கிறார். திரையில் இருந்த மூவரும் சிரித்ததாகச் சொன்னார். ஒன்றரை மாதம் கழித்து முழு உதவித்தொகை கிடைத்த செய்தி வந்தது. மாஸ்டர் தன் பயிற்சிக் காரின் பின்கண்ணாடியில், 'எல்' பலகைக்குப் பக்கத்தில், 'என் மனைவியும் கற்றுக்கொண்டிருக்கிறார்' என்று எழுதி ஒட்டினார். அக்கா அதைக் கிழிக்கச் சொன்னார். அவர் விமானம் ஏறும்வரை அது கிழிக்கப்படவில்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அக்கா போன அடுத்த வாரமே பெரிய டாக்டர் ஒரு தச்சரை அனுப்பினார். அவர் கீலைக் கழற்றி, கதவின் அடியை இழைத்து, எண்ணெய் விட்டு, நாங்கள் தேநீர் குடித்து வருவதற்குள் முடித்துவிட்டார். இப்போது சுண்டு விரலால் திறக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீடியோவில் வருவார். கம்பளிச் சட்டைக்குள் பாதி முகம்தான் தெரியும். வகுப்பில் தானே மூத்தவர் என்றும், பேராசிரியரே தன்னைவிட இளையவர் என்றும், முதல் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் வந்தது என்றும் சொல்வார். எல்லாம் சொல்லி முடித்து, போனை வைக்கப் போகும்போது மெதுவாகக் கேட்பார்:

"தம்பி, அந்த அலமாரி?"

பின்னாலிருந்து வானொலி என் முதுகில் கிள்ளுவார்.

"அது அப்படியேதான்கா இருக்கு" என்பேன். "நீங்க வந்துதான் திறக்கணும்."

அக்காவின் முகத்தில் மீதிப் பாதியும் கம்பளிச் சட்டையிலிருந்து வெளியே வரும்.