சுவரில் ஒரு மஞ்சள் பட்டை

பெயிண்டருக்கு வெள்ளையில் மட்டும் பதினோரு வெள்ளை தெரியும். அந்தக் கண்ணுக்குப் பயந்து பால்காரர் அவர் வீட்டுப் பாலில் மட்டும் தண்ணீர் சேர்ப்பதில்லை என்பார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், வாளியின் அடியில் ஒட்டியிருக்கும் பெயிண்டைத் தொட்டு, முன்னறைச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை இழுப்பார். அரை விரல் அகலம். வேலைக்குப் போகாத நாளுக்குப் பட்டை கிடையாது. பூ இல்லை, கிளி இல்லை. மூன்று வருஷத்தில் மூன்று சுவர் முடிந்து நாலாவது தொடங்கியிருந்தது.

மனைவிக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். மகள் கட்டிக்கொள்ள நினைக்கும் பையனின் அம்மா ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அவள் தலையாட்டினால்தான் கல்யாணம். அதற்குள் வெள்ளையடித்துவிடுங்கள் என்று மனைவி நாலு நாள் நச்சரித்தாள். சுவர் பொய் சொல்லாது, வருகிறவள் பார்க்கட்டுமே என்று பெயிண்டர் அசையாமல் இருந்துவிட்டார்.

வருகிறவள் புது ஆளும் அல்ல. போன வருஷம் அவள் வீட்டு ஹாலுக்குப் பெயிண்ட் அடித்தது இவர்தான். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன மகள் அங்கேதான் பையனைப் பார்த்தாள்.

ஞாயிறன்று அந்த அம்மா டீயும் கையுமாகச் சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இது என்னங்க, படமா?"

பெயிண்டருக்கு வாய் நிற்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பூச்சு, ஒரு பூச்சுக்கு ஒரு பட்டை என்று விளக்கி, வீடு வீடாகக் காட்டிக்கொண்டே போய் மூன்றாவது சுவரின் நடுவில் நின்றார்.

"இதோ, உங்க ஹால்."

வெளிர் மஞ்சள். அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தாள்.

"ரெண்டுதானே இருக்கு? மூணு பூச்சு அடிச்சேன்னு சொன்னீங்களே, சம்பந்தி."

பதினோரு வெள்ளை தெரிந்த கண்ணுக்கு அப்போது தரை மட்டும்தான் தெரிந்தது. மகள் கையில் தட்டோடு அப்படியே நின்றாள். வந்தவள் சம்பந்தி என்று சொன்னதை மனைவி மட்டும்தான் கவனித்தாள்.

அந்த அம்மா நிதானமாக டீயைக் குடித்து முடித்தாள். மூணாவது பட்டை வரட்டும், தேதி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே பெயிண்டர் அவள் ஹாலில் ஏணியோடு நின்றார். சாயங்காலம் வந்து பட்டையை இழுத்தார். பழைய இரண்டின் பக்கத்தில் இடமில்லை. நாலாவது சுவரில், ஆஸ்பத்திரிப் பச்சை வரிசையின் முடிவில், ஒற்றை மஞ்சளாக அது நின்றது.

மனைவி வெள்ளையடிக்கும் பேச்சை அதோடு விட்டாள். அது மட்டும் ஏன் தனியாக இருக்கிறது என்று யாராவது கேட்டால், புருஷன் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொள்வாள்.

"அது எங்க மாப்பிள்ளை வீட்டு ஹாலுங்க. மூணு பூச்சு."