உடுப்பைப் பார்த்து உள்ளே விட்டவர்

மான்டிவிடியோவில் ஒரு சலவைக்கடைக்கு மேலே, இணையதளம் செய்து கொடுக்கும் எங்கள் ஆபீஸ். நான் முதலாளி, வேலைக்கு மூன்று பேர். அதில் மூத்தவர் தோன் வில்மார், நாற்பத்தாறு வயதில் ரூபி என்ற கணினி மொழி படித்துவிட்டு வந்தவர். அதற்கு முன் பதினேழு வருடம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாசல்காரராக இருந்தார். கேஸ் கம்பெனி ஆள் உடுப்பில் வந்த ஒருவனை மேலே விட்டார். அவன் ஐந்தாம் மாடி வீட்டைச் சுத்தமாகத் துடைத்துத் திருடிக்கொண்டு போக, இவருக்கு வேலை போயிற்று. மாத்தே என்கிற அந்த ஊர் இலைத் தேநீரை உறிஞ்சியபடி இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

2009இல் ஒரு முர்கா குழுவுக்கு இணையதளம் செய்தோம். கார்னிவலில் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு ஊரையே கிண்டலடித்துப் பாடுகிற கூட்டம். குழுவின் செயலாளர் எலிடா, நாற்பது வருடப் பாட்டுகளைப் பழைய ஆட்களிடம் கேட்டுக் கேட்டு எழுதித் தளத்தில் ஏற்றினார். பாடிக்காட்டியவர்களில் பாதிப் பேர் பிறகு செத்துப்போனார்கள்.

தளத்தின் வாசலுக்கு வில்மார் ஒரு வடிகட்டி எழுதினார். வருகிற கோரிக்கை என்ன வகை என்று முதலில் அதுதான் பார்க்கும். கெட் என்றால் சும்மா பார்க்க வந்தவர், போகலாம். போஸ்ட் என்றால் ஏதோ கொடுக்க வந்தவர். உறுப்பினரா என்று பார்த்து, கொண்டுவந்ததை வரிக்கு வரி குறித்துக்கொள்ளும். டிலீட் என்றால் அழிக்க வந்தவர், எலிடாவின் சாவி இல்லாமல் நகரவிடாது. குறிப்புகள் டிஸ்க்கை அடைக்கின்றன, எல்லாவற்றையும் அழியுங்கள் என்று கத்தினேன். சரி என்று தலையாட்டினார்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தளம் காலியாகக் கிடந்தது. ஒரு பாட்டுகூட இல்லை. எலிடா போனில் அழவில்லை. எப்போது திரும்ப வரும் என்று மட்டும் கேட்டார்.

காரணத்தை வில்மாரே கண்டுபிடித்தார். பிரவுசரில் அழிக்கிற பட்டனை அழுத்தினால் டிலீட் நேராக வராது. போஸ்ட் உறைக்குள் 'இது டிலீட்' என்று ஒரு சீட்டோடு வரும். உறையைப் பிரிக்கிற அடுக்கு அவருடைய வடிகட்டிக்குப் பின்னால் இருந்தது. வெளி உறையைப் பார்த்தே வடிகட்டி எல்லாவற்றையும் உள்ளே விட்டிருந்தது. யாரோ ஒரு உறுப்பினர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்திருக்கிறார். யாரென்று நான் விசாரிக்கவில்லை. கையருகே இருந்தவர் மேல் பாய்ந்தேன்.

"அந்தக் கட்டடத்துல உங்கள ஏன் துரத்துனாங்கன்னு இப்பத்தான் புரியுது, தோன் வில்மார்."

அவர் பிளாஸ்க்கை மூடினார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

"நீங்க சொன்னதுல ஒண்ண நான் கேக்கல, முதலாளியம்மா," என்றார். "அந்தக் குறிப்பெல்லாம் அழிக்கல. எலிடா ஏத்துன பாட்டு ஒவ்வொண்ணும் அதுல இருக்கு."

இரண்டு நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டும் திரும்பின. வடிகட்டியை உறை பிரிக்கிற அடுக்குக்கு ஒரு வரி கீழே இறக்கினார், திருத்தம் அவ்வளவுதான். எலிடா கடாயில் எள்ளுருண்டை மாதிரி உருட்டிப் பொரித்த பணியாரம் கொண்டுவந்து அவர் கையில்தான் கொடுத்தார். எனக்கும் இரண்டு எடுத்து வைத்தவர் வில்மார்.

இன்னும் ஆறு வருடம் என்னோடு வேலை பார்த்தார். தினமும் காலையில் முதல் மாத்தே எனக்குத்தான் நீட்டுவார். அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க ஆயிரத்துக்கு மேல் காலைகள் கிடைத்தன எனக்கு. வாங்கிக் குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுத்தேன்.