'இருக்கலாம்' என்றால் எண் கிடையாது

ரோஸ்வி நர்ஸுக்குப் படித்தவள். ஊசி போட வேண்டிய கை, பிலிப்பைன்ஸின் செபு நகரத்து அடுக்குமாடி அலுவலகத்தில் அமெரிக்காக்காரர்களின் வியாதிகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தது. அமெரிக்க டாக்டர் எழுதியதைப் படித்து, அந்த நோய்க்குரிய எண்ணைப் பதிய வேண்டும். அதைப் பார்த்துத்தான் அங்கே இன்சூரன்ஸ்காரன் சிகிச்சைக்குச் சம்மதிப்பான்.

அவளுக்கே சில வருடங்களாக இடப்பக்கத் தலைவலி. விட்டு விட்டு வருவதல்ல, விடாமல் இருப்பது. வலி ஏறும்போது இடது கண்ணில் மட்டும் நீர் வழியும். சுகாதார நிலையத்தில் வேலைக் களைப்பு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நரம்பு டாக்டரைப் பார்க்கக் கம்பெனியின் மருத்துவ அட்டை வேண்டும். வேலை நிரந்தரமானால்தான் அட்டை. இந்த மாதத் தணிக்கையில் தப்பு வராவிட்டால்தான் நிரந்தரம்.

அந்த நேரம் பார்த்து ஒஹாயோ மாநிலத்துக்காரி ஒருத்தியின் குறிப்பு வந்தது. இடப்பக்கம், விடாத வலி, ஒரு கண்ணில் நீர். தன் கதையை யாரோ எழுதிவைத்ததுபோல இருந்தது ரோஸ்விக்கு. கீழே டாக்டர், 'ஹெமிக்ரேனியா கன்டினுவாவாக இருக்கலாம்' என்று, ஒருபக்கத் தலைவலியில் ஓர் அரிய வகையின் பெயரைச் சொல்லி முடித்திருந்தார்.

'இருக்கலாம்' என்றால் எண் கிடையாது. வெறும் 'தலைவலி' என்றுதான் பதிய வேண்டும். பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். ஆனால் வெறும் தலைவலி என்று கேட்டுக் கேட்டு அவளுக்குப் புளித்துப்போயிருந்தது. பாவி, அந்த அரிய நோயின் எண்ணையே போட்டுத் தொலைத்தாள்.

தணிக்கை நேராக அதிலேயே வந்து விழுந்தது. மேலதிகாரி டிவினா கூப்பிட்டாள். சின்னப் பெண்களை அந்த ஊரில் 'இண்டாய்' என்றுதான் அழைப்பார்கள்.

"இண்டாய், நீ என்ன டாக்டரா?"

"அவளுக்கு அந்த நோய்தான் மேடம். எனக்கு நல்லாத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"எனக்கும் அதேதான் இருக்கு."

"உனக்கு இருக்குன்னு எந்த டாக்டர் எழுதிக் குடுத்தாரு?"

டிவினா கெட்டவள் அல்ல. முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

"நிரந்தரம் ஆகாது, இண்டாய். இந்த மாசத்தோட சரி. போறதுக்கு முன்னாடி அந்த எண்ணை நீயே மாத்திடு."

ரோஸ்வி இடத்துக்கு வந்து, எண்ணை அழித்து, வெறும் 'தலைவலி' என்று பதிந்தாள். தன் வேலை போனதுகூடப் பரவாயில்லை. முகம் தெரியாத அந்த ஒஹாயோக்காரிக்கும் இனி இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பானே என்பதுதான் தாங்கவில்லை.

பக்கத்து நாற்காலி ஜெர்லின், மேசைக்கடியில் ஒளித்துவைத்த மாங்காயைக் கடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, அழுறியா?"

"அழுதா ரெண்டு கண்ணுலயும் வரும்டி," என்றாள் ரோஸ்வி.