வெளுத்த விரல்கள்

மருந்துக் கிடங்கின் குளிரறையில் பெட்டி அடுக்குவது அவள் வேலை. விரல்கள் வெளுத்து நீலம் பாரித்தபோது, குளிர்தான் காரணம் என்று விட்டுவிட்டாள். விடுமுறை நாளில் பாத்திரம் கழுவும்போதும் வெளுத்தன. முகத் தோல் இறுகிச் சுருக்கங்கள் மறைந்தன.

“அண்ணி, உங்களுக்கு மட்டும் வயசு பின்னாடி போகுது” என்று நாத்தனார் கேலி செய்தாள். கேட்டவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

மாடிப்படியில் மூச்சு வாங்கிய பிறகே மருத்துவரிடம் போனாள். அவர் புறங்கையைக் கிள்ளிப் பார்த்தார். தோல் பிடிக்கு வரவில்லை.

“விரல் எப்பலேருந்து வெளுக்குது?”

“மூணு வருஷமா, டாக்டர்.”

பரிசோதனைகள் முடிந்ததும், “இது ஸ்க்ளீரோடெர்மா, தோலை இறுக்குற நோய். நுரையீரலையும் தொட்டுடுச்சும்மா. மேல பரவாம மருந்து தரலாம், போனது திரும்பாது. அப்பவே வந்திருக்கக் கூடாதா?” என்றார்.

வேலையை விட்டாள். இப்போது விரல்கள் மடங்காததால் அவள் சட்டைப் பொத்தான்களைக் கணவர்தான் போட்டுவிடுகிறார். அவள் சுவரைப் பார்த்தபடி நிற்கிறாள்.